படலையில் கட்டிய வேப்பிலை

என் மகளுக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு இப்போது மனமில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். வேலணையில் பள்ளிக்கூட வேலை, தங்கியிருக்கிற வீட்டில் நேரத்துக்குச் சாப்பாடு, வருகிற ஆனியில் கலியாணம், அது முடிந்ததும் மலாயாவுக்குக் கப்பல். இதில் உனக்கு என்ன குறை? உன் கடிதம் போன கிழமை வள்ளத்தில் வந்தது. என் கண்ணில்தான் ஏதோ பிழை என்று மூன்றுதரம் வாசித்தேன். கண்ணில் பிழை இல்லை. தாலி கட்டி முடியும்வரை உன் கையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டு நாரந்தனை ஆட்களிடம் ஒரு சொல்லும் கதைக்க வேண்டாம் என்றும், மாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுவா என்றும் எழுதியிருக்கிறாய். எழுத்து வழக்கம்போல முத்து முத்தாக இருக்கிறது. அந்த அழகான எழுத்தில் இப்படி ஒன்றை எழுத உனக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

கடிதத்தோடு படமும் அனுப்பியிருக்கிறாய். யாழ்ப்பாணத்துக்குப் போய் எடுத்த படம். மாமிதான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. பட்டுச் சீலை, கழுத்தில் மாமியின் சங்கிலி, பக்கத்தில் முதுகு உயர்ந்த ஒரு கதிரை. வலக்கை கதிரையின் மேல் அழகாக இருக்கிறது. இடக்கையைத் தேடினேன். அது கதிரைக்குப் பின்னால் போய்விட்டது. நாரந்தனை மாப்பிள்ளை மலாயாவில் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் சம்மதம் என்று தாய்க்கு எழுதினாராம். பாவம் அந்த மனிதர். அவர் சம்மதம் சொன்னது உனக்கா, மாமி கதிரைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்த வேறு யாருக்காவதா என்று அவருக்கே தெரியாது. தாலி கட்டின பிறகு என்ன செய்வதாக யோசனை? கப்பலிலும் ஒரு கதிரை கொண்டு போவதா?

எனக்கு வந்த கோபத்துக்கு நான் அன்றைக்குச் சமைக்கவும் இல்லை. நீ கையை மறைக்கிறாய் என்பதற்கு மட்டும் வந்த கோபம் அல்ல அது. மறைப்பதற்கு அந்த மாமியைத் துணைக்குப் பிடித்தாயே, அதற்கு வந்தது. உன் ஐயாவின் தமக்கை அவ. ஐயா போன பிறகு குடும்பத்துக்கு மூத்தவ என்று நீ மரியாதை வைக்கிறாய். வை. ஆனால் உன் கை இப்படி ஆனது எப்படி என்று உனக்குத் தெரியுமா? கல்வேலி சரிந்து விழுந்தது என்று சொல்லுவாய். ஊரில் கேட்டாலும் உன் முகத்துக்கு அதைத்தான் சொல்லுவார்கள். கல்வேலி உன் கையை முறித்தது, அவ்வளவுதான். அதைக் கெடுத்தவர்கள் நாங்கள். உனக்கு அப்போது ஒன்பது வயது, அரைவாசி நாள் காய்ச்சலில் கிடந்தாய். நான் இத்தனை வருடம் வாய் திறக்கவில்லை. உன் ஐயா உயிரோடு இருக்கும்வரை அவர் முகத்துக்காக அடக்கினேன். இனி யாருடைய முகத்துக்காக அடக்க வேண்டும்?

அன்றைக்குக் காலையில் நான் முற்றத்தில் பனங்கிழங்கு ஒடியல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆட்டுக்குட்டி வேலியைப் பாய்ந்து அடுத்த வளவுக்குள் போய்விட்டது. நீ அதைப் பிடிக்க வேலியில் ஏறினாய். நெடுந்தீவு வேலிகள் உனக்குத் தெரியும்தானே, சாந்து இல்லாமல் முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியவை. அதற்கு முந்தின மாரியில் அந்த இடம் இளகியிருந்தது. திருத்த வேண்டும் என்று உன் ஐயாவுக்கு நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். கல் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. நீ கத்தவில்லை. ஓடிப்போய்க் கல்லைப் புரட்டினேன். முழங்கைக்குக் கீழே உன் கை கையாக இல்லை. தோல் கிழிந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு பரியாரியார் வீட்டுக்கு ஓட வெளிக்கிட்டேன். எலும்பு பார்க்கிற நல்ல பரியாரியார் ஒருவர் அப்போது ஊரிலேயே இருந்தார். எங்கள் வாசல் படலையில் இருந்து கூப்பிடு தூரம்.

படலையில் மாமி நின்றா. மகனோடு வேலணைக்குப் போவதற்கு முன் அவவுக்கு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தா. கோபமாகக்கூட இல்லை, அமைதியாகச் சொன்னா.

"எங்கை போறீர்? பெட்டைப் பிள்ளை. கை முறிஞ்சது எண்டு ஊர் அறிஞ்சால் நாளைக்கு ஆர் இவளைக் கேட்டு வருவினம்? பரியாரியின்டை வாய் சும்மா கிடக்காது. உள்ளை கொண்டு போம். நான் கட்டிவிடுறன்."

நான் உள்ளே கொண்டு போனேன். இந்த இடத்தில் நீ என்னைத் திட்டலாம், திட்ட வேண்டும். ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படலைவரைக்கும் வந்துவிட்டுத் திரும்பி உள்ளே போனாள். என்னை யாரும் அடிக்கவில்லை, கட்டி வைக்கவும் இல்லை. எனக்குள்ளும் அந்தப் பயம் இருந்தது. என் தமக்கை ஒருத்தி சின்ன வயதில் அடுப்பில் விழுந்து கன்னம் வெந்தவள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவளைப் பார்க்க வந்தவர்கள் கோப்பி குடித்துவிட்டுப் போவார்கள், பிறகு வரமாட்டார்கள். கடைசிவரை எங்கள் குசினி அடுப்படியிலேயே இருந்து செத்தாள். மாமி சொன்னபோது என் கண்ணுக்கு முன்னால் உன் கை தெரியவில்லை, அவள்தான் தெரிந்தாள். அந்த அளவுக்கு நான் மூளை கெட்டுப்போய் நின்றேன்.

மாமி முட்டை வெள்ளைக்கருவில் உழுத்தம்மாவைக் குழைத்துப் பூசினா. பனைமட்டையைக் கீறி நாலு பக்கமும் வைத்து, பழஞ்சீலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டினா. காயத்தின் மேலேயே கட்டினா. அந்த வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. பரியாரியார் செய்தாலும் அதைத்தான் செய்திருப்பார், ஆனால் அவருக்குச் செய்யத் தெரியும். எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது, காயம் இருந்தால் என்ன செய்வது என்று தெரியும். மாமிக்குத் தெரிந்தது கன்றுக்குட்டிக்குக் கால் கட்டியது மட்டும். அதுவும் நொண்டிக்கொண்டுதான் திரிந்தது.

பிறகு அடுத்த பிரச்சினை வந்தது. கட்டும்போது நீ போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டுவிட்டது. இரண்டு பேர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பிள்ளைக்கு என்ன என்று கேட்டார்கள். ஒரு நாள் மறைக்கலாம். எலும்பு பொருந்தும்வரை ஒன்றரை மாதம் எப்படி மறைப்பது? மாமிக்கு அதற்கும் மருந்து இருந்தது. பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது, அம்மாள் வந்திருக்கிறா என்று சொல்லச் சொன்னா. வேப்பிலையை ஒடித்து என் கையில் தந்து படலையில் கட்டச் சொன்னா. வேப்பிலை கட்டின வீட்டுக்குள் ஒருவரும் கால் வைக்கமாட்டார்கள், ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். பெரிய புத்திதான். என்னுடைய இந்தக் கையால்தான் கட்டினேன். அம்மாளின் பெயரில் பொய் சொல்லுகிறோம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று வேறு நின்று பார்த்தேன்.

நீ அறியாத ஒன்றைச் சொல்லுகிறேன். அந்த நாட்களில் ஊர் எங்களுக்குச் செய்தது. படலைக்கு வெளியே நுங்கு வைத்துவிட்டுப் போனார்கள். பால் வைத்தார்கள். உள்ளே வராமல் தூர நின்று பிள்ளை தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்டார்கள். உன்னோடு படித்த பிள்ளைகளின் தாய்மார் தாளிதம் இல்லாமல் சமைத்தார்கள், மணம் உன் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று. வள்ளக்காரரின் பெண்சாதி உனக்காக நயினாதீவு அம்மாளுக்கு நேர்த்தி வைத்தா. இத்தனையும் இல்லாத ஒரு வருத்தத்துக்கு. உள்ளே இருந்த வருத்தத்துக்கு மருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. இரண்டாம் நாள் ஊருக்குத் தலைமையான விதானையார் வந்து படலைக்கு வெளியே நின்று, வருத்தம் இறங்கி மூன்று தண்ணீர் வார்க்கும்வரை இந்த வீட்டு ஆட்கள் துறைப் பக்கம் வரக் கூடாது, எந்த வள்ளமும் ஏற்றாது என்று சொல்லிவிட்டுப் போனார். மாமிக்கு அது இன்னும் வசதியாகிவிட்டது. எனக்கும்தான், அப்போது.

மூன்றாம் நாள் உன் விரல்கள் வீங்கின. விரல் எல்லாம் நித்திரையாய்க் கிடக்குது அம்மா என்று சொன்னாய். கட்டைக் கொஞ்சம் இளக்குவோம் என்றேன். இளக்கினால் எலும்பு விலகும், பிறகு வளைந்த கையோடு பிள்ளையை வைத்திருக்கப் போகிறீரோ என்று மாமி கேட்டா. நான் முடிச்சில் வைத்த கையை எடுத்துவிட்டேன். நாலாம் நாள் உனக்கு நெருப்பாய்க் காய்ச்சல். என்னை அடையாளம் தெரியாமல் ஆட்டுக்குட்டியைக் கூப்பிட்டாய். ஐந்தாம் நாள் காலையில் கட்டுக்குள்ளிருந்து மணம் வந்தது. அந்த மணத்தை இங்கே எழுதமாட்டேன். பாக்குவெட்டியை எடுத்துக் கட்டை வெட்டினேன். தோல் ஒரு இடத்தில் கறுத்திருந்தது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நாலு நாள் பிந்தி வந்த புத்தி.

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப் போகிறேன் என்று உன் ஐயாவிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். ஒரு மாட்டைக்கூட அடித்தது இல்லை. ஆனால் தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தது அந்தத் தமக்கை. எழும்பி நின்று, அக்காவை ஒரு சொல்லுக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சால்வையை எடுத்தார். பிள்ளையின் கை அழுகுகிறது, இவர் சால்வை தேடுகிறார். நீங்கள் கேட்டுவிட்டு வாருங்கள், நான் போகிறேன் என்று உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஒன்பது வயதுப் பிள்ளை, பாரம்தான். வெயில் ஏறிவிட்டது. வழியில் எதிரில் வந்தவர்கள் என்னைக் கண்டதும் விலகி ஓடினார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு பனங்கூடலுக்குள் போனாள். அவர்களில் பிழை இல்லை. அம்மாள் வருத்தக்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஊருக்குள்ளால் வருகிறாள் என்றுதானே அவர்கள் கண்டார்கள்.

துறையில் வள்ளம் புறப்பட நின்றது. ஊர்காவற்றுறைச் சந்தைக்குப் போகிற ஆட்கள் ஏறியிருந்தார்கள். நான் கிட்டப் போகவும் வள்ளக்காரர் மரக்கோலைக் குறுக்கே நீட்டினார். அதுக்கு மேலே வராதை பிள்ளை, விதானையாரின்டை சொல், எனக்கும் குஞ்சு குருமான் இருக்கு என்றார். உள்ளே இருந்தவர்கள் சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்கள். அம்மாள் இல்லை அண்ணை, கை முறிஞ்சது என்றேன். யார் நம்புவார்கள்? ஐந்து நாளாய் வேப்பிலை தொங்குகிறது. பிள்ளையை ஏற்ற நான் பொய் சொல்லுகிறேன் என்றுதான் நினைத்தார்கள். நாங்கள் சொன்ன பொய்யை ஊர் நம்பிவிட்டது, உண்மையைச் சொல்ல வந்தபோது ஒருவரும் கேட்கவில்லை. வள்ளக்காரர் பாய் கட்டத் தொடங்கினார். அந்த வள்ளம் போனால் அடுத்தது மறுநாள்தான்.

நான் உன்னைத் துறைக் கல்லில் இருத்தினேன். போர்த்தியிருந்த சீலையை இழுத்து எறிந்தேன். சட்டையைக் கிழித்தேன். உன் கையையும் நெஞ்சையும் முதுகையும் அந்தச் சனத்துக்கு முன்னால் காட்டினேன். பாருங்கோ, ஒரு கொப்புளம் இருக்கோ எண்டு பாருங்கோ, கல்லு விழுந்து முறிஞ்ச கை, நாங்கள் ஒளிச்சு வைச்சனாங்கள், நாங்கள் பொய் சொன்னனாங்கள் என்று கத்தினேன். கத்தினேன் என்பது சரியான சொல்லே இல்லை. அப்போது காய்ச்சலில் இருந்த நீ கண்ணைத் திறந்து, சரியான கையால் கிழிந்த சட்டையை இழுத்துக்கொண்டு மெல்லச் சொன்னாய்.

"மூடுங்கோ அம்மா. ஆக்கள் பாக்கினம்."

செத்துப்போகிற பிள்ளைக்கு வெட்கம். ஒன்பது வயதில். அதை உனக்கு யார் பழக்கினது? ஐந்து நாள் பாயில் கிடந்து நாங்கள் கதைத்ததை எல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தாய். கை நோவதைவிட, கையை யாரும் பார்க்கக் கூடாது என்பதுதான் பெரிது என்று நாங்கள்தான் உன் தலையில் ஏற்றினோம். இன்றைக்கு உன் கடிதத்தை வாசிக்கும்போது அந்தச் சின்னக் குரல்தான் எனக்குக் கேட்டது. என் கோபத்தின் அடி அதுதான், விளங்குகிறதா?

வள்ளக்காரர் இறங்கி வந்து உன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய பெண்சாதி நேர்த்தி வைத்துப் பச்சைத் தண்ணீரில் முழுகிக்கொண்டிருந்த நேரம் அது. "அம்மாளின்டை பேரிலையோ பொய் சொன்னனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் ஓம் என்றேன். அவர் உன்னைத் தூக்கிக்கொண்டு போய் வள்ளத்தில் தன் சால்வையை விரித்துக் கிடத்தினார். சந்தைக்குப் போன சனம் ஓலைக் கடகங்களைத் தூக்கி மடியில் வைத்து உனக்கு இடம் விட்டது. வழி முழுக்க என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை. உனக்கு மட்டும் தண்ணீர் தந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் உயரமான மனிதர், வாய் கொஞ்சம் காரம். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எப்போது முறிந்தது என்று கேட்டார். ஐந்து நாள் என்றேன். ஏன் உடனே வரவில்லை என்றார். அந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? துறையில் அத்தனை பேருக்கு முன்னால் உண்மையைக் கத்திவிட்டு வந்தவள், காற்றுக் கடுமை, வள்ளம் விடவில்லை என்று சொன்னேன். வாயில் தானாக வந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டே, நேற்றும் முந்தநாளும் நெடுந்தீவு ஆட்கள் மருந்து வாங்கிக்கொண்டு போனவை, அவையள் நீந்தியோ வந்தவை என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். முதல் நாளே கொண்டு வந்திருந்தால் ஒரு தழும்போடு போயிருக்கும், இப்போது கையை எடுக்காமல் விட முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும் என்றார். உன்னை உள்ளே கொண்டு போனார்கள். நான் வெளியே போட்டிருந்த மர வாங்கில் இருந்தேன். உன் ஐயா பின்னேரம்தான் வந்து சேர்ந்தார், மீன் பிடித்துத் திரும்பிய ஒரு வள்ளத்தைப் பிடித்து. தமக்கையைக் கேட்டாரா, கேட்காமல் வந்தாரா என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்து அழுதார். அழட்டும் என்று விட்டேன்.

கையை எடுக்கவில்லை. அந்த மனிதரின் கெட்டித்தனம். ஆனால் முழங்கை மடிந்தபடி இறுகிவிட்டது, சின்ன விரலும் அதற்கு அடுத்ததும் சுருண்டுவிட்டன. இரண்டு மாதம் கிடந்தாய். மாமி ஒருநாள் பழத்தோடு வந்தா. உன் தலையைத் தடவி, வள்ளத்தால் இறங்கும்போது வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னா. புதுக் கதையும் கையோடு கொண்டு வந்திருக்கிறா. நான் அந்தப் பழத்தைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கே வாயைத் திறந்து நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

அதோடு முடிந்ததா? நீ பிறந்த நாளில் இருந்து மருமகள், மருமகள் என்று உன்னைத் தன் மகனுக்கு முடிந்து வைத்தவ மாமி. பேர் கெட்டுவிடும், ஆர் வருவினம் என்று வழியை மறித்தவ. நீ பெரியபிள்ளை ஆன அந்த வருடமே, கைக் குறையான பிள்ளையை என் மகனுக்கு எப்படிச் செய்வது என்று ஊரில் முதலில் சொன்னதும் அவதான். வேறு ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் யாருக்காகப் பயந்து ஒளித்தோமோ அந்த ஊர் உன்னைப் பற்றி ஒரு குறைச் சொல் சொன்னதாக நான் கேட்டது இல்லை. மகனுக்கு வேலணையில் வேறு இடத்தில் கலியாணம் செய்துவைத்தா. அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அவவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இப்போது உனக்கு மாப்பிள்ளை தேடித் தருவதும், கதிரைக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்லித் தருவதும் அதே ஆள். நீயும் தலையை ஆட்டிக்கொண்டு நின்று படம் எடுத்திருக்கிறாய்.

நியாயமாகப் பார்த்தால் உன்னை மட்டும் ஏசவும் எனக்கு ஏலாது. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு உனக்கு நீளக் கைச் சட்டை தைத்தவள் நான். கோயிலுக்குப் போனால் இடப்பக்கம் நான் நிற்பேன், உன் கை தெரியக் கூடாது என்று. யாரும் சொல்லித் தரவில்லை, நானாகச் செய்தேன். அது அன்பு என்று நினைத்தேன். ஆனால் நீ பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறதை ஒருதரம் வெளியில் நின்று பார்த்தேன். உனக்குத் தெரியாது. அந்த மடிந்த கையின் இடுக்கில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, வலக்கையால் பலகையில் எழுதினாய். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தாய். இருபது முப்பது பிள்ளைகள் இருந்தார்கள், ஒன்றும் உன் கையைப் பார்க்கவில்லை, நீ எழுதினதைத்தான் பார்த்தார்கள். நான் வெளியில் நின்று அழுதேன், சந்தோஷத்தில். அவ்வளவு தூரம் தானாக வந்த பிள்ளை, ஒரு மலாயாக் கிளாக்கருக்காகத் திரும்பவும் பாயில் போய்ப் படுத்துக்கொண்டாயே. அதுதான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது.

இனி நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் நான் வள்ளம் ஏறினேன். ஊர்காவற்றுறையில் இறங்கி நாரந்தனைக்கு நடந்தேன். மாப்பிள்ளையின் தாயிடம் நேரே போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். படத்தையும் மடியில் வைத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். என் மகளின் இடக்கை என்று தொடங்குவேன். அவர்களின் வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கைக்குக் கிட்டப் போனதும் கால் நின்றுவிட்டது. பயத்தால் அல்ல. துறையில் உன்னைக் கிழித்துக் காட்டினது ஞாபகம் வந்தது. உன்னைக் கேட்காமல் ஐந்து நாள் ஒளித்தோம். பிறகு உன்னைக் கேட்காமல் ஊருக்கு முன்னால் திறந்து காட்டினேன். அன்றைக்கு வேறு வழி இல்லை, உயிர் போகிற நேரம், அதற்காக நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஆனால் இன்றைக்கு உயிர் ஒன்றும் போகவில்லை. உனக்கு இருபத்திரண்டு வயது. இன்றைக்கும் உன்னைக் கேட்காமல் நான் போய்ச் சொன்னால், மாமிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஒருத்தி மூடுகிறாள், ஒருத்தி திறக்கிறாள். கைக்குச் சொந்தக்காரி எங்கேயோ இருக்கிறாள். ஒழுங்கை மூலையோடு திரும்பி வந்துவிட்டேன். வேலணை பக்கத்தில்தான், ஆனால் உன்னைப் பார்க்க வரவில்லை. வந்திருந்தால் கையை ஓங்கியிருப்பேன்.

ஆகவே நீ போ. நீதான் போக வேண்டும். மாமியைக் கூட்டிக்கொண்டு போகாதே, தரகரிடம் சொல்லி அனுப்பாதே, கடிதம் எழுதாதே. உன் எழுத்து வடிவானது, வாசிக்கிறவர்கள் அதை நம்பிவிடுவார்கள். நேரில் போய் அந்த மனிசிக்கு முன்னால் இருந்து, கையை எடுத்து மடியில் வைத்து, எப்படி முறிந்தது, ஏன் வளைந்தது என்று எல்லாவற்றையும் சொல்லு. நாங்கள் ஒளித்ததையும் சொல்லு. என் பெயரைக் காப்பாற்ற வேண்டாம். அந்த மனிசி முகம் கோணினால் பார்த்துக்கொண்டு இரு. தலையைக் குனியாதே. மகனுக்கு எழுதிக் கேட்கட்டும். வேண்டாம் என்று அவர்கள் சொல்லக்கூடும், அப்படி ஒன்றும் நடக்காது என்று நான் உனக்குப் பொய்த் தைரியம் தரமாட்டேன். சொன்னால் உனக்கு நோகும். எனக்கும் நோகும். ஆனால் கடல் தாண்டிப் போய், தெரியாத ஊரில், தெரியாத மனிதருக்கு முன்னால் முதல் நாள் அந்தக் கையை வெளியே எடுக்கிறபோது உன் பக்கத்தில் நிற்க நான் இருக்கமாட்டேன். கோபித்தால் திரும்பி வர அங்கே வள்ளமும் இல்லை.

இதற்கு மறுமொழி எழுத வேண்டாம். நாரந்தனைக்குப் போய்விட்டு நேரே வீட்டுக்கு வா. அவர்கள் ஓம் என்றாலும் வா, வேண்டாம் என்றாலும் வா. போகாமல் மட்டும் வராதே.

அம்மா